தகவலாளியின் முகவரி

ஹாலின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, வெறும் தரையில் ஒரு தட்டு இருந்தது. அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்து மூடியிருந்தது.

ஜெபா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள். மாலைக் கல்லூரி விட்டு, ஷேர் ஆட்டோவில் நான்கு பேருக்கு நடுவே நசுங்கி, அயனம்பாக்கம் ஏரிக்கரையில் இறங்கி, தவளைச் சத்தத்தின் ஊடே நடந்து வருகிறவளுக்கு இந்த வீடு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: இருட்டு, காலையில் தாளித்த கடுகின் மிச்ச வாசம், அதன்மேல் ஜெயப்பிரியா அவசரமாக அடித்துக்கொண்டு போன சென்ட். வீட்டைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் ஜெயப்பிரியாவுக்கு ஐடி கம்பெனியில் இரவு வேலை. மாலையில் ஜெபா வரும்போது அவள் இருக்கமாட்டாள். இன்று கடுகும் இல்லை, சென்ட்டும் இல்லை. ஏரி வாசம் அடித்தது. சேறும் பாசியும் கலந்த, மழைக்காலத்தில் ஜன்னல் வழியாக வரும் வாசம். ஆனால் ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

மேல்தட்டை எடுத்தாள். கீழே ஒரு கையளவு தண்ணீர். அதில் பச்சை நூல் போல ஒன்று மெல்ல அசைந்து நின்றது.

ஜெயப்பிரியா சாப்பிட்டுவிட்டுக் கழுவாமல் போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டு தட்டையும் தேய்த்துக் கழுவி அலமாரியில் கவிழ்த்தாள். கை துடைக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. கதவைத் திறக்க அவள் சாவியை எடுக்கவே இல்லை. தள்ளினாள், திறந்துகொண்டது.

காலையில் ஜெயப்பிரியா தூக்கக் கண்ணோடு வந்தபோது கேட்டாள்.

"நேத்து தட்டுல எதாவது எடுத்து மூடி வெச்சிட்டுப் போனியா?"

"நானா? எனக்கே யாராச்சும் எடுத்து வெச்சாத்தான்டி உண்டு. என்ன, கனவுல சோறு வருதா? அந்த டயட்டை மொதல்ல விடு."

"கதவும் பூட்டல நீ."

"பூட்டினேன். ரெண்டு தடவ இழுத்துப் பாத்தேன். உன்மேல சத்தியமா." கொஞ்சம் யோசித்தாள். "சரி, என்மேலயே."

ஜெபா அதற்குமேல் கேட்கவில்லை. மூடி வைத்த தட்டையும் தாழிடாத கதவையும் பற்றி அவள் ஏற்கெனவே அறிவாள். அதை அவளே எழுதியிருந்தாள். எழுதியிருந்தாள் என்று சொல்லிக்கொள்ளும்போதே காதுமடல் சுட்டது.

சமூகவியல் வகுப்பில் லோகநாதன் சார் கொடுத்த கட்டுரை அது. யாரையாவது இழந்த ஒரு வீட்டுக்கு நேரில் போக வேண்டும், அந்த வீட்டில் மட்டும் நடக்கும் ஒரு வழக்கத்தைக் கேட்டு எழுத வேண்டும். பகல் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் தரச்சோதனைப் பிரிவில் வேலை. ஞாயிறு என்றால் சபை ஆராதனையும் துணி துவைப்பதும். ஆனாலும் அவள் போகாமல் இல்லை. பின்தெருவில் கணவனைப் பறிகொடுத்த ஒரு வீட்டின் கேட்டுக்கு முன் நின்றாள். உள்ளே குக்கர் விசில் அடித்தது, ஒரு குழந்தை எதற்கோ சிரித்தது. என்னவென்று கேட்பது? உங்கள் துக்கத்தைக் கொஞ்சம் சொல்லுங்கள், எனக்கு மதிப்பெண் வேண்டும் என்றா? திரும்பி வந்துவிட்டாள்.

அன்று மாலை, ஐடியாவுக்காக மட்டும் என்று இணையத்தில் தேடத் தொடங்கினாள். எதையும் முறையாகச் செய்கிறவள். தேடும் சொற்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். முதல் பக்கத்து முடிவுகளை எல்லாரும் எடுப்பார்கள் என்று தள்ளித் தள்ளிக் கீழே போனாள். யாருமே வராத ஒரு மூலையில் பழைய வலைப்பூ ஒன்று கிடைத்தது. படம் இல்லை, ஊர்ப்பெயர் இல்லை. ஒரு பெண் தன் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி எழுதியிருந்தாள். அந்த அக்காவின் மகன் வேலை விட்டு ஏரிக்கரை வழியாக வரும்போது தண்ணீரில் போய்விட்டான். அன்றிலிருந்து தினமும் அவன் வீடு திரும்பும் வேளைக்கு அவள் தட்டில் சோறு போட்டு, இன்னொரு தட்டால் மூடி, கதவைத் தாழிடாமல் வைப்பாள். பிறகு திறந்து பார்த்தால் சோறு இருக்காது, ஏரித் தண்ணீர் இருக்கும். அவளே ஊற்றிக்கொள்கிறாள் என்று ஊர் சொல்லும். 'தின்னுட்டுப் போனான்' என்று அவள் சொல்வாள்.

ஜெபா ஒவ்வொரு வாக்கியமாக மாற்றினாள். வினைச்சொல்லை மாற்றினாள், நீண்டதை உடைத்தாள், பக்கத்து வீட்டுப் பெண்ணை எடுத்துவிட்டுத் தன்னை வைத்தாள். அக்கா ராஜகுமாரி அம்மாள் ஆனாள், ஏரி அயனம்பாக்கம் ஏரி ஆனது. கட்டுரை நீளம் கூடியபோது ஒரு பத்தியை அப்படியே நீக்கினாள். மகனின் முகத்தைப் பற்றிய பத்தி: இடது புருவத்துத் தழும்பு, சிரித்தால் எட்டிப் பார்க்கும் தெத்துப்பல், அம்மாவை உரித்து வைத்த மூக்கு. நன்றாகத்தான் இருந்தது. வழக்கத்தோடு சம்பந்தமில்லை, அவ்வளவுதான்.

முகவரி மட்டும்தான் சிக்கல். கட்டுரையின் கடைசியில் தகவலாளியின், அதாவது வழக்கத்தைச் சொன்னவரின், பெயரும் கதவு எண்ணும் தெருவும் இருக்க வேண்டும். அந்த முகவரிக்குத் துறையிலிருந்து ஒரு நன்றிக் கடிதம் போகும். அது அந்தத் துறையின் பழைய வழக்கம். கடிதம் 'அப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வந்தால் கட்டுரை எழுதியவரின் கதை முடிந்தது. போன வருடம் இரண்டு பேர் அப்படித்தான் மாட்டினார்கள். ஜெபா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு ராஜகுமாரி அம்மாளின் பெயருக்குக் கீழே தன் வீட்டு முகவரியையே எழுதினாள். கடிதம் தன் கைக்கே வரும்.

வந்தது. வாட்ச்மேன் ஜெயராமன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாமா, உங்க ஊட்ல ராஜகுமாரினு யாரு கீறாங்க? லெட்டர் வந்துகீது."

"அது... எங்க பெரியம்மாண்ணா."

"எப்ப வந்தாங்க? என் கண்ணுல படவே இல்லியே. கேட்ல ஒருத்தன் குந்திகினு கீறான்னு யாரும் மதிக்கறதே இல்ல." கடிதத்தைக் கொடுத்தார். "போர்டுல பேர எழுதிட்றேன். இல்லாங்காட்டி அசோசியேஷன்காரு என்னத்தான் காய்ச்சுவாரு."

மாடிப்படிக்குக் கீழிருந்த கரும்பலகையில், இரண்டாம் மாடி வீட்டுக்கு நேரே, ஜெபா, ஜெயப்பிரியா என்ற பெயர்களுக்கு அடுத்து ராஜகுமாரி என்று சாக்பீஸால் அழுத்தி எழுதினார். அதற்கு மறுநாள்தான் ஹாலின் நடுவில் அந்தத் தட்டு இருந்தது.

அந்த வாரமே லோகநாதன் சார் வகுப்பில் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். எதை வாசிக்கப் போகிறார் என்று ஜெபாவுக்கு முதல் வரிக்கு முன்பே தெரிந்துவிட்டது. பாதி வாசித்ததும் அவர் குரல் கம்மியது.  யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கைதட்டல் எழுந்தபோது, தன் மேலே யாரோ கொதிக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றுவது போல அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"நேர்ல போகாம இப்படி எழுத முடியாது," என்றார் சார். "ஜெபா, துறை விழாவுக்கு அந்தம்மாவைக் கூட்டிட்டு வரணும் நீங்க. ஒரு சால்வை போடுவோம். கட்டுரையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பறேன்."

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் சொன்னால் கல்லூரியிலிருந்து பெயரை நீக்குவார்கள், பட்டம் போய்விடும். என் மகள் வேலையும் பார்த்துக்கொண்டு எம்.ஏ. படிக்கிறாள் என்று ஊரில் அப்பா சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாரே, அதுவும் போய்விடும்.

"சரி சார்," என்றாள்.

வெளியே கூடப் படிக்கும் ஆசிம் பைக்கைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான். பூந்தமல்லிப் பக்கத்துப் பையன், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான்.

"இன்னா ஜெபா, எங்களெல்லாம் கவுத்துட்டியே! எங்க புடிச்ச அந்தம்மாவ? நானும் கரையான்சாவடி ஃபுல்லா சுத்திகினு வந்தேன். ஒரு ஊட்ல டீ குடுத்து, நல்லா படிப்பானு தொரத்திட்டாங்க. இன்னொரு ஊட்ல ஒரு நன்னி, பாட்டிம்மா, அழுதாங்களா, நானும் கூட அழுதுட்டேன். நோட்ல ஒன்னியும் எழுதல."

"உன் கட்டுரை நல்லா இருந்துச்சு."

"போ நீ. சார் மூணு கேள்விக்குறி போட்டுக் குடுத்துகீறாரு." சிரித்தான். "ஆனா உன்னுது படிச்சப்ப நெஜமாலுமே ஒரு மாரி ஆயிட்ச்சு. அந்தம்மாவ நான் ஒரு தபா பாக்கலாமா?"

 ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டாள்.

தட்டு தினமும் இருந்தது. அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனாள். திரும்பும்போது பூட்டு பூட்டியபடியே இருந்தது, தட்டுகள் தரையில் இருந்தன. தண்ணீர் நாளுக்கு நாள் கூடியது. தட்டுக்கு முன்னால் தரையில் ஈரம் படிந்திருந்தது, ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்த அகலத்துக்கு. அதைத் துடைக்கும்போது துணி கறுத்தது. துணியை அலச அலச வாளியில் மணல் தங்கியது.

ஒருநாள் ஜெயராமன் கேட்டில் நிறுத்தினார்.

"பெரிம்மா புள்ள தெனம் வந்துட்டுப் போறாரு போல?"

"யாரு?"

"தெர்லியா? மொத நாளு வந்து, ராஜகுமாரி ஊடு எதுனு கேட்டாரு. நான்தான் போர்டப் பாத்து மேல அனுப்புனேன். பாவம், தொப்பலா நனஞ்சுகினு வராரும்மா. ஒரு கொடையாச்சும் வாங்கிக் குடுங்க."

"எப்படி இருந்தாரு?"

"மூஞ்சிய எங்க காட்னாரு? தலையோட துண்டப் போத்திகினு குனிஞ்சே நிக்கறாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நல்ல புள்ளைமா. படில ஈரம் பண்ணிட்டேன், மன்னிச்சிக்கனு சொல்லிட்டுப் போறாரு."

தெரு விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் படிகள் ஈரமாகத்தான் இருந்தன. அவள் பலகையைக் காட்டினாள். 

"அந்தப் பேரை அழிச்சிடுங்கண்ணா."

"ஏன், பெரிம்மா ஊருக்குப் போயிட்டாங்களா? அப்ப அந்தப் புள்ள வந்து கேட்டா இன்னானு சொல்ல?"

போகவில்லை என்று சொல்ல முடியவில்லை. வரவே இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. மேலே போனாள்.

அன்று அந்த வலைப்பூவை மறுபடியும் தேடினாள். முதலில் கிடைக்கவில்லை. சொற்களை மாற்றி மாற்றி, பக்கம் பக்கமாகக் கீழே இறங்கி, கடைசியில் கண்டுபிடித்தாள். அந்தப் பதிவு அப்படியே இருந்தது: புருவத்துத் தழும்பு, தெத்துப்பல், அம்மாவின் மூக்கு. அதன் கீழே, பல வருடமாக யாரும் எழுதாத இடத்தில், அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் புதிதாக ஒன்று எழுதியிருந்தாள். துறையின் கடிதம் வந்த அதே வாரம்.

'அக்காவைப் பற்றி முன்பு விசாரித்தவர்களுக்காக எழுதுகிறேன். இப்போதெல்லாம் தட்டில் தண்ணீர் இருப்பதில்லை. வைத்த சோறு வைத்தபடியே காய்ந்து கிடக்கிறது. அக்கா வாசலை விட்டு நகர்வதில்லை. வீடு மறந்துவிட்டதா அவனுக்கு, வேறு எவளாவது கூப்பிட்டுப் போய்விட்டாளா என்று என்னைக் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?'

பயத்துக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. எங்கோ ஒரு வாசலில் உட்கார்ந்து காய்ந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி. அவளிடம் மிச்சமிருந்த ஒரே ஒன்றை எடுத்து, வாக்கியம் வாக்கியமாக உடைத்து, தன் கதவு எண்ணைப் போட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டவள் ஜெபா. 'மன்னியுங்கள்' என்று அதன் கீழே தட்டினாள், அழித்தாள். லோகநாதன் சாருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள்: 'சார், அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை.' ஒரே வரி. அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. அப்பா சபையில் எழுந்து நின்ற காட்சி வந்தது. நாளைக்கு அனுப்பலாம் என்று மூடி வைத்தாள்.

மறுநாளும் அனுப்பவில்லை. அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஜெயப்பிரியா ஊருக்குப் போயிருந்தாள். ஏரி நிரம்பிவிட்டதென்று கீழ்வீட்டில் யாரோ யாரிடமோ போனில் கத்திச் சொல்வது கேட்டது. ஜெபா கதவைப் பூட்டினாள், மேல் தாழ்ப்பாளைப் போட்டாள், கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள், பிளாஸ்டிக் நாற்காலியை முட்டுக்கொடுத்தாள். சோறு வடித்து இறக்கி வைத்திருந்தாள், பசிக்கவில்லை. மழை ஜன்னல் தகரத்தில் விழும் சத்தம், குழாய் சொட்டும் சத்தம், எங்கோ தண்ணீர் நிற்காமல் ஓடும் சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எதைக் கேட்கக் கூடாதோ அது இவற்றுக்கு நடுவில் இருந்துவிடக் கூடாதே என்று.

போன் அடித்தது. லோகநாதன் சார்.

"ஜெபா, ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுது. ராஜகுமாரி அம்மா பேரைப் போடறதுக்கு முன்னாடி அவங்க வாயால ஒரு சம்மதம் கேட்டுடணும். உங்க வீட்டுப் பக்கத்துலதானே இருக்காங்க?"

"சார்... நான்..."

"சொல்லுங்க."

அந்த ஒரு வரி நாக்கு நுனியில் இருந்தது. தினமும் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வரி. வாயைத் திறந்தாள்.

"இருங்க சார். குடுக்கறேன்."

போனைத் துப்பட்டாவில் உரசினாள். இரண்டு எட்டு நடந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டையை இறுக்கினாள். வேறு யார் குரலும் தெரியாததால், தன் அம்மாவின் குரலை எடுத்தாள்.

"வணக்கம் ஐயா. நான் ராஜகுமாரி பேசறேன்."

"அம்மா, வணக்கம்மா." சாரின் குரல் சட்டென்று குழைந்தது. "உங்க மகனைப் பத்திப் படிச்சேன். மனசு தாங்கல. இன்னும் தட்டு வைக்கறீங்களாம்மா?"

"வைக்கறேன்யா." முகம் எரிந்தது. குரல் மட்டும் நிற்கவில்லை. "பெத்தவ வைக்காம? எம்புள்ள இங்கதான் வருவான். வேற எங்க போவான்?"

மேல் தாழ்ப்பாள் நகர்ந்தது.

மெதுவாக. தானாக. பிறகு கீழ்த் தாழ்ப்பாள். நாற்காலி தரையில் இழுபட்டு ஒதுங்கியது. கதவு திறந்தது. சேற்று வாசம். பாசி வாசம். படிக்கட்டு இருட்டு.

"யம்மா."

தண்ணீருக்குள்ளிருந்து வரும் குரல். கோபமே இல்லாத குரல்.

"ஊடு மாத்திட்டியா? எவ்ளோ தூரம்மா."

உள்ளே வந்தான். ஒவ்வோர் எட்டுக்கும் தண்ணீர் சொட்டியது. மின்விசிறிக்கு நேர் கீழே தட்டுகள் இருந்தன. எப்போது வந்தன? தெரியாது. அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தலைமேல் துண்டு. மேல்தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். கீழ்த்தட்டு காலி.

"பசிக்குதும்மா. நாளாச்சு."

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?" போனில் சார் கேட்டார். "யாரும்மா அது, பக்கத்துல?"

சொல்லிவிடலாம். நான் உன் அம்மா இல்லை. இருவருக்கும் சேர்த்து ஒரே வரி. ஜெபா தன் குரலைத் தேடினாள். தொண்டையில் அது இல்லை.

"எம்புள்ளதான்யா," என்றது ராஜகுமாரியின் குரல்.

கை தானாகப் பானைக்குப் போனது. சோற்றை அள்ளினாள். நடந்தாள். குனிந்தாள். தட்டில் போட்டாள். ஆவி எழுந்தது.

அவன் சந்தோஷமாகத் துண்டை எடுத்தான்.

தழும்பு விழுந்த புருவம் இல்லை. பல் இல்லை. மூக்கு இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை ஈரத்தோல், கழுவி வைத்த தட்டைப் போல வழவழப்பாக.

அவன் ஒரு கவளம் உருட்டி மேலே கொண்டுபோனான். வாய் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தினான். சோறு வழுக்கித் தட்டில் விழுந்தது. மறுபடி உருட்டினான், அழுத்தினான். விழுந்தது. நாள்கணக்கில் பட்டினி கிடந்தவனின் அவசரத்தோடு, தலையை அவள் பக்கம் திருப்பியபடியே, அடுத்த கவளத்தை உருட்டத் தொடங்கினான்.